சாம்புவும் லாபுவும்: ஒரு நகைச்சுவை நூலும் அதன் வாசகர்களும்

ஒரு நகைச்சுவைக் கதையைப் படித்தவரிடம் கருத்துக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "சிரிப்பு வந்தது" என்பார். இல்லாவிட்டால் "சிரிப்பே வரவில்லை" என்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். அதே மனிதரிடம் ஒரு சோகக் கதையைக் கொடுத்தால் பாத்திரப் படைப்பு, சமுதாயப் பின்னணி, முடிவின் பொருத்தம் என்று அரை மணி நேரம் பேசுவார். சிரிப்பைப் பற்றிப் பேச நம்மிடம் சொற்கள் குறைவு. பேசத் தேவையில்லை என்ற எண்ணமும் இருக்கிறது.

தேவன் எழுதிய 'துப்பறியும் சாம்பு' இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க ஏற்ற நூல். 1942-இல் ஆனந்த விகடனில் தொடங்கி வெளிவந்த 50 கதைகளின் தொகுப்பு இது. கடந்த ஆண்டிறுதி விடுமுறையில் இந்நூலின் ஒரு படி லாபுவில் எங்கள் உறவினர், அண்டை அயலார் சிலரிடையே கைமாறிக்கொண்டே இருந்தது. ஆய்வு என்றெல்லாம் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். படித்தவர்கள் சாப்பாட்டு மேசையிலும் கோயில் திண்ணையிலும் சொன்னவற்றை நான் குறித்துக்கொண்டேன், அவ்வளவுதான். ஒருவர் சொன்னதற்கு மற்றவர் சொன்னது நேர் எதிராக இருந்தது. அந்தக் கருத்து வேறுபாடுகளைப் பின்தொடர்ந்து போனால், நகைச்சுவைக் கதை எப்படி இயங்குகிறது என்பதும் ஓரளவு விளங்குகிறது.

முதலில் நூலைப் பற்றி. தேவன் என்ற புனைபெயரில் எழுதிய ஆர். மகாதேவன் 1913-இல் திருவிடைமருதூரில் பிறந்தவர். இளம் வயதில் ஆனந்த விகடனில் சேர்ந்து, பின்னர் அதன் நிர்வாக ஆசிரியராக உயர்ந்தார். 'மிஸ்டர் வேதாந்தம்', 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்', 'ஸ்ரீமான் சுதர்சனம்' போன்ற நாவல்களும் அவருடையவையே. 'கோமதியின் காதலன்' 1955-இல் திரைப்படமாகவும் வந்தது. 1957 மே மாதம் அவர் மறைந்தபோது வயது 43. மலாயா விடுதலை பெற நான்கு மாதங்கூட இல்லாத நேரம் அது.

சாம்பு ஒரு வங்கிக் குமாஸ்தா. வளைந்த பெரிய மூக்கு. அறிவில் சராசரிக்கும் சற்றுக் கீழே. தெரிந்தவர்கள் எல்லாரும் அவரை முட்டாள் என்றே வைத்திருக்கிறார்கள். வேலை போன பிறகு துப்பறிபவர் ஆகிறார். வழக்குகள் வருகின்றன. ஒன்றும் புரியாமல் ஏதோ செய்கிறார். பயந்து ஓடினால் திருடன் மீது மோதுகிறார். வாய்க்கு வந்ததை உளறினால் அது குற்றவாளியின் இரகசியத்தைத் தொட்டுவிடுகிறது. இன்ஸ்பெக்டர் கோபாலன் கையைப் பிடித்துக் குலுக்கிப் பாராட்டுகிறார். எதற்குப் பாராட்டு என்று சாம்புவுக்கே தெரிவதில்லை. ஆனால் நாளடைவில் பாராட்டு பழகிப் போகிறது. ஏறக்குறைய எல்லாக் கதைகளும் இந்த அச்சில் சுழல்பவைதாம்.

இந்த அச்சு எங்கிருந்து வந்தது? சாம்புவுக்கு ஒரு தலைமுறைக்கு முன்பே தமிழில் துப்பறியும் கதைகள் கொடிகட்டிப் பறந்தன. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரின் நாவல்களை அக்கால வாசகர்கள் போட்டி போட்டுப் படித்தார்கள். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன் எதையும் கோட்டைவிடாத ஆள். ஆங்கிலத்தில் ஷெர்லாக் ஹோம்ஸ் 1887-லேயே வந்துவிட்டார். ஆக, துப்பறிபவர் என்றால் யார், எப்படி நடப்பார், எப்படிக் கண்ணைச் சுருக்குவார் என்பதெல்லாம் 1942-இல் விகடன் வாசகருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்த சட்டையைத் தப்பான ஆளுக்குப் போட்டுவிட்டார் தேவன். சட்டை பழகியதாக இருந்தால்தான் அது பொருந்தாமல் தொங்குவதைப் பார்த்துச் சிரிக்க முடியும். துப்பறியும் கதையே படித்திராத ஒருவருக்குச் சாம்பு பாதிதான் சிரிப்பு மூட்டுவார்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஹோம்ஸ் கதையில் துப்பறிபவருக்கு எல்லாம் தெரியும். வாட்சனுக்கும் நமக்கும் ஒன்றும் தெரியாது. கடைசிப் பக்கத்தில் அவர் விளக்கும்போது நாம் வாய் பிளக்கிறோம். சாம்பு கதையில் இந்த வரிசை தலைகீழாகிறது. ஊருக்கு ஒன்றும் தெரியாது. சாம்புவுக்கும் தெரியாது. உண்மையில் என்ன நடந்தது என்பது முழுமையாகத் தெரிந்த ஒரே ஆள் வாசகர்தான். கோபாலன் வியக்கும்போதெல்லாம் நாம் உள்ளுக்குள் "அட, அதெல்லாம் இல்லை ஐயா!" என்று சொல்லத் துடிக்கிறோம், சொல்ல வழியில்லை. சிரிப்பு பிறக்கும் இடம் அதுதான். இதே உத்தியில் அமைந்த இன்ஸ்பெக்டர் குளூசோ 'பிங்க் பேந்தர்' படத்தின் வழி உலகப் புகழ் பெற்றது 1963-இல். சாம்பு அவருக்கு இருபது ஆண்டு மூத்தவர்.

இப்போது லாபுவுக்கு வருவோம். அறியாதவர்களுக்கு: நெகிரி செம்பிலானில் நீலாய்க்கும் சிரம்பானுக்கும் இடைப்பட்ட ஊர். கம்யூட்டர் ரயிலில் நீலாயை அடுத்த நிலையம். ஒரு காலத்தில் லாபுத் தோட்டமும் கிர்பி தோட்டமும் சுற்றுவட்டாரத் தமிழர்களின் உலகமாக இருந்தன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. 1998-இல் சிப்பாங்கில் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது. அதற்குப் பின் சுற்றிலும் புதிய நகரியங்கள் எழும்பின. லயத்து வீடுகளில் இருந்தோர் தாமான்களுக்குப் போனார்கள். ஆயினும் தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் இன்னும் 'லாபு தோட்டம் முதல் பிரிவு', 'நான்காம் பிரிவு' என்றே இருக்கிறது. தோட்டம் கலைந்தாலும் பிரிவு மட்டும் பெயர்ப் பலகையில் நிற்கிறது.

மலாய் மொழியில் லாபு என்றால் பூசணி, சுரை வகைக் காய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது பற்றிய கதைகளைப் படிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் அமையாது.

நூல் முதலில் போனது ஐந்தாம் படிவத் தேர்வு முடித்திருந்த என் சின்னம்மா மகளிடம். இரண்டு நாளில் பதினைந்து கதைகளை முடித்துவிட்டு, "அண்ணே, எல்லாம் ஒரே கதைதான், பேரத்தான் மாத்திருக்காரு" என்று திருப்பிக் கொடுத்தாள். இந்தக் குறையைப் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். குறை நியாயமானதே. ஆனால் அது தேவனுக்கு எதிராகச் சொல்லப்பட வேண்டியதா, தொகுப்பு என்ற வடிவத்துக்கு எதிராகச் சொல்லப்பட வேண்டியதா என்பதுதான் கேள்வி. இவை வார இதழில் வந்தவை. ஒரு கதைக்கும் அடுத்த கதைக்கும் இடையே வாசகருக்கு ஒரு முழு வாரம் இருந்தது: அலுவலகம், ரேஷன், ஜுரம், கல்யாணம் எல்லாம் நடந்து முடிந்த ஒரு வாரம். அதன் கடைசியில் பழைய சிநேகிதர் போலச் சாம்பு வந்து நின்றார். அவர் இந்த முறையும் அதே தவற்றைச் செய்ய வேண்டும் என்றுதான் வாசகர் எதிர்பார்த்தார். செய்யாமல் விட்டிருந்தால் ஏமாந்திருப்பார். ஒரு வாரப் பலகாரத்தை ஒரே வேளையில் தின்றால் திகட்டத்தான் செய்யும்.

"ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் படிக்காதே" என்ற நிபந்தனையோடு நூலை மீண்டும் அவளிடம் கொடுத்தேன். இம்முறை அவள் குறை சொல்வது குறைந்தது, நின்றுவிடவில்லை. நடுவில் வரும் சில கதைகள் உண்மையிலேயே தளர்வானவை என்பது அவள் கட்சி. எனக்கும் அதில் உடன்பாடே. வாராவாரம் எழுதிக் கொடுக்க வேண்டிய ஆசிரியர் சில வாரங்களில் ஒப்பேற்றியிருக்கிறார். ஐம்பதில் முப்பதைத் தேர்ந்து ஒரு பதிப்புக் கொண்டுவந்தால் புதிய வாசகர்களுக்கு அது நல்ல வாசலாக அமையும்.

வாராவாரம் படிக்கும் அந்த வாய்ப்பு, தொடக்கத்தில் நம் நாட்டு வாசகர்களுக்கு இருந்ததே இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயா முழுவதும் ஜப்பானியர் கையில். இந்தியாவிலிருந்து கப்பலும் இல்லை, தபாலும் இல்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்தில் குண்டு வீச, சென்னை மக்கள் ஊரைக் காலி செய்துகொண்டு கிராமங்களுக்கு ஓடினார்கள். அப்படி அஞ்சிக் கிடந்த ஊரைத்தான் சாம்பு சிரிக்க வைத்தார். அதே காலத்தில் இங்குள்ள தோட்டங்களிலிருந்து தமிழர்களை லாரியிலும் ரயிலிலும் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு அவர்கள் உயிரைக் கொடுத்தார்கள். சென்னை வாசகருக்கு வாரப் பத்திரிகையாக வந்து சேர்ந்த சாம்பு, மலாயா வாசகரிடம் போர் ஓய்ந்த பிறகே, பெரும்பாலும் கட்டடம் செய்த புத்தகமாகவே வந்து சேர முடிந்தது. 'ஒரே கதைதான்' என்ற கருத்துக்கு இந்த மண்ணில் கொஞ்சம் வரலாற்றுக் காரணமும் உண்டு.

அடுத்து நூல் என் தாய்மாமாவிடம் போனது. தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் அருந்திக்கொண்டே துப்புத் துலக்கிய கதைகளில் வளர்ந்தவர். பிறகு ராஜேஷ்குமாரின் மாத நாவல்கள். சாம்புவை அவர் துப்பறியும் கதை என்று ஏற்கவே மறுத்துவிட்டார். "இவன் எங்கடா துப்பறியிறான்? துப்பு தானா வந்து இவன் மடியில விழுது!" என்பது அவர் தீர்ப்பு.

மாமாவுக்குத் தெரியாமலேயே அவர் ஒரு பழைய சட்டத்தை எடுத்துப் பேசிவிட்டார். 1929-இல் ரொனால்டு நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் துப்பறியும் கதை எழுதுவோருக்குப் பத்துக் கட்டளைகளை வகுத்தார். அவரும் துப்பறியும் கதாசிரியரே. துப்பறிபவருக்குத் தற்செயல் நிகழ்ச்சி எதுவும் உதவக்கூடாது, காரணமில்லாமல் தோன்றும் ஊகம் பலிக்கவும் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. சாம்புவின் முழு வாழ்க்கையும் இந்த ஒரு கட்டளையை மீறுவதிலேயே நடக்கிறது. தேவன் நாக்ஸைப் படித்தாரா என்பது இங்கே முக்கியமில்லை. இலக்கணம் எதைக் குற்றம் என்கிறதோ அதையே கதையின் எலும்பாக வைத்தார் என்பதுதான் செய்தி. இத்தகைய கதையில் துப்பைத் தேடுவது வீண் வேலை. அடுத்த தற்செயல் எந்தத் திசையிலிருந்து வரப்போகிறது என்று ஊகிப்பதே இங்குள்ள விளையாட்டு. இதை மாமாவிடம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிடா, அப்ப முன் அட்டையில துப்பறியும்னு போடாத" என்றார். அவரை அதற்கு மேல் நகர்த்த முடியவில்லை.

மொழி பற்றிய முறையீட்டை எழுப்பியவர் அத்தை. சாம்புவின் உலகம் சென்னை நகரத்து நடுத்தரப் பிராமணக் குடும்பங்களின் உலகம். பேச்சும் அப்படியே. போதாக்குறைக்கு அந்தக் காலத்து வடசொற்கள், ஆங்கில அலுவலகச் சொற்கள். அத்தை முதல் கதையைப் படிக்க ஒரு மாலைப் பொழுது பிடித்தது. "இது நம்ம சனம் பேசுற பேச்சா?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நகைச்சுவை என்பது மற்ற எழுத்தைவிட வட்டார வழக்கோடு ஒட்டிப் பிறப்பது. ஒரு சொல்லின் பொருள் தெரிந்தால் மட்டும் போதாது. அதை யார், எப்போது, எந்த முகத்தோடு சொல்வார் என்பதும் தெரிந்தால்தான் சிரிப்பு வரும். அடிக்குறிப்பு போட்டுச் சிரிக்க வைக்க முடியாது. 'கிராணி' என்ற சொல்லைக் கேட்டவுடன் ஒரு தோட்டத்தாருக்குள் எழும் நமுட்டுச் சிரிப்பு மயிலாப்பூர்க்காரருக்கு எழாது அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

ஆயினும் அத்தை நூலைக் கீழே வைக்கவில்லை. அவரைப் பிடித்து வைத்தவர் சாம்புவின் மனைவி வேம்பு. ஊரே கொண்டாடும் ஒருவரோடு வீட்டுக்குள் குடித்தனம் நடத்தும் பெண். கணவர் மேதையா, மண்டூகமா என்பது வேம்புவுக்குத் தெரியுமா தெரியாதா? அவளுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் காட்டிக்கொள்ளவில்லை என்பது அத்தையின் திடமான கருத்து. கதைகளில் அதற்கு நேரடிச் சான்று காட்ட முடியாது. தேவன் வேம்புவின் மனத்துக்குள் அவ்வளவு தூரம் போகவும் இல்லை. ஆனால் நாற்பது ஆண்டு குடும்பம் நடத்திய ஒரு வாசகி தன் அனுபவத்தை வைத்து அந்த இடைவெளியை நிரப்பிக்கொண்டார். நூல் அதற்கு இடம் கொடுத்தது. பேச்சு வழக்கு அந்நியமாக இருந்த ஒருவர் கதைக்குள் புகுந்த வழி இதுதான்.

கடுமையான எதிர்ப்பு ஆசிரியர் பயிற்சியில் இருக்கும் ஒரு தோழியிடமிருந்து வந்தது. ஒருவரின் மூக்கையும் மந்தபுத்தியையும் காட்டிச் சிரிப்பது இன்று ஏற்புடையதா என்று அவர் கேட்டார். வகுப்பில் மெதுவாகக் கற்கும் பிள்ளைகளோடு பழகுபவர் என்பதால் அவருக்கு இது வெறும் கொள்கைப் பேச்சு இல்லை. நூலை விரும்புபவன் என்ற முறையில் நான் இதற்குச் சப்பைக்கட்டு கட்ட விரும்பவில்லை. மூக்கு பற்றிய கிண்டல் சில இடங்களில் மலிவானதுதான். படம் வரைபவருக்கு வசதியாக இருந்திருக்கும். சாம்பு கதைகள் பின்னாளில் கோபுலுவின் கைவண்ணத்தில் படக்கதையாக வந்தபோது அந்த முகமே பாதிக் கதை. மந்தபுத்தி விஷயம் வேறு. கதைக்குள் சாம்புவைக் கேலி செய்தவர்கள் யாரும் கடைசியில் வெல்வதில்லை. அவரை முட்டாள் என்று ஒதுக்கியவர்கள், அவரை மேதை என்று தூக்கி வைத்தவர்கள் ஆகிய இரு சாராரும் ஒரே மாதிரி ஏமாறுகிறார்கள். தோழி இதைப் பாதி ஒப்புக்கொண்டார். எஞ்சிய பாதி அவரிடம் எதிர்ப்பாகவே இருக்கிறது, இருக்கட்டும்.

இந்தக் கடைசிக் கருத்தை எனக்குத் தெளிவாக்கியவர் தாத்தா. பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்து, பின்னர் மண்டோர் ஆகி ஓய்வு பெற்றவர். கண் சரியாகத் தெரியாததால் தங்கை வாசிக்க அவர் கேட்டார். நாங்கள் சாம்பு விழுவதற்கும் புரள்வதற்கும் சிரித்த இடங்களில் அவர் சும்மா இருந்தார். இன்ஸ்பெக்டர் கோபாலன் வந்து, சாம்புவின் உளறலுக்கு ஆழமான பொருள் கற்பித்துப் புகழும் இடங்களில்தான் உடம்பு குலுங்கச் சிரித்தார். ஏன் என்று கேட்டேன்.

"சாம்புவ விடுடா. அவன் பாவம். அந்த கோபாலனப் பாரு. பெரிய ஆளுன்னு ஒரு தடவ சொல்லிட்டான். அப்புறம் எப்பிடிரா அவன் வாயால இல்லன்னு சொல்லுவான்?"

பிறகு தோட்டத்துக் கதைக்குப் போய்விட்டார். பெரட்டு நேரத்தில் துரை ஒன்றும் புரியாமல் ஏதோ ஆங்கிலத்தில் சொல்வாராம். அதைக் கிராணி தமக்குத் தோன்றியபடி தமிழில் சொல்வாராம். அதைக் கேட்டு மண்டோர்கள் தலையாட்டுவார்களாம். அன்றைய வேலை தற்செயலாகச் சரியாக நடந்துவிட்டால் "துரை சொன்னாருன்னா சும்மாவா!" என்று ஆபீஸ் வாசலில் எல்லாரும் வியப்பார்களாம். பின்வரிசையில் நிற்கும் பால்வெட்டுக்காரர்களுக்கு மட்டும் உண்மை தெரியும். அவர்கள் அதை அங்கே சொல்ல முடியாது. வெட்டுக்காட்டில் போய்ச் சிரித்துக்கொள்வார்கள்.

மேலே நான் வாசகரின் இடம் என்று எதைச் சொன்னேனோ அதுவேதான் இது. உண்மை தெரிந்த, ஆனால் வாய் திறக்க வழியில்லாத இடம். தேவன் சென்னையில் உட்கார்ந்து படித்த நடுத்தர மக்களுக்காக உருவாக்கிய அந்த இடத்தில், தோட்டத்தின் பின்வரிசைக்காரர் யாரும் சொல்லிக் கொடுக்காமலே போய் உட்கார்ந்துவிட்டார். மொழி தடுத்தது, சாதி வழக்கு தடுத்தது, ஊர் தடுத்தது. ஆனால் அதிகாரத்தின் மீதுள்ள குருட்டு நம்பிக்கையை வேடிக்கை பார்க்கும் கண் தாத்தாவிடம் ஏற்கெனவே இருந்தது. எங்களில் நூலைச் சரியாகப் படித்தவர் அவர்தான் என்பேன்.

இங்கே நம் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளில் தோட்டம் என்றால் பெரும்பாலும் கண்ணீர்தான். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சயாம் மரண ரயில், கள்ளுக்கடை, துண்டாடப்பட்ட தோட்டங்கள், குடியுரிமை இல்லாமல் தவித்தவர்கள் என்று எழுதப்பட வேண்டியவை எழுதப்பட்டிருக்கின்றன, இன்னும் எழுதப்படும். ஆனால் பெரட்டுக்களத்தில் நடந்த அந்த நாடகத்தை எந்தக் கதையில் படித்தோம்? நினைவுக்கு வருவது மிகக் குறைவு. ஒவ்வொருவருக்கும் வைத்த பட்டப்பெயர், அதற்குப் பின்னால் இருந்த கதை, துரையின் நடையை நடித்துக் காட்டிய கலைஞர்கள் எல்லாம் சொன்னவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. பட்ட துன்பத்துக்காவது மனுவும் கோப்பும் அறிக்கையும் மிஞ்சும். சிரிப்புக்கு அதுவும் மிஞ்சாது. லாபுவின் லயங்களில் இருந்தவர்கள் நீலாய்க்கும் சிரம்பானுக்கும் காஜாங்கிற்கும் பிரிந்து போனபோது, ஒரே நகைச்சுவையை உடனே புரிந்துகொள்ளும் கூட்டமும் சேர்ந்தே கலைந்துவிட்டது.

பல்கலைக்கழகச் சிறுகதைப் போட்டிகளுக்கு எழுதும் நண்பர்களிடம் பேசியிருக்கிறேன். நகைச்சுவையாக எழுதினால் கனமில்லை என்று தள்ளிவிடுவார்களோ என்ற அச்சம் பலருக்கும் இருக்கிறது. நடுவர்கள் உண்மையில் அப்படித் தள்ளுகிறார்களா என்பது ஒருபுறம் இருக்க, அந்த அச்சமே கதைகளைப் பிறக்கவிடாமல் செய்கிறது. நம் அண்டை மொழியைப் பாருங்கள். பி. ரம்லி 1962-இல் எடுத்த 'லாபு டான் லாபி' என்ற படத்தில் கஞ்ச முதலாளியிடம் வேலை செய்யும் இரண்டு வேலைக்காரர்கள் இரவில் படுத்துக்கொண்டு தங்களை மருத்துவராகவும் டார்சானாகவும் கற்பனை செய்துகொள்கிறார்கள். (நம் ஊருக்கும் படத்துக்கும் பெயரைத் தவிர வேறு சம்பந்தமில்லை.) கூலியின் கனவு, முதலாளியின் கஞ்சத்தனம் என்ற அதே சரக்கைச் சோகமாகவும் எடுத்திருக்கலாம். ரம்லி சிரிப்பாக எடுத்தார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் மலேசியத் தொலைக்காட்சியில் அந்தப் படம் ஓடும்போது மூன்று இனத்தாரும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். கனமில்லை என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை.

ஆகவே ஒரு நகைச்சுவைத் தொகுப்பைப் பற்றிக் கருத்துச் சொல்லும்போது, சிரிப்பு வந்ததா என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் சில கேள்விகளைச் சேர்த்துக் கேட்கலாம். கதையில் யாருக்கு உண்மை தெரியும், யாருக்குத் தெரியாது? நாம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம், விழுந்தவனையா, அவனை மேதை என்று நம்பியவனையா? எந்தப் பழைய வடிவத்தை ஆசிரியர் கிண்டல் செய்கிறார், அந்த வடிவம் நமக்குத் தெரிந்ததா? ஒரே மூச்சில் படித்தோமா, விட்டுவிட்டுப் படித்தோமா? எங்கள் வீட்டில் தங்கையும் மாமாவும் அத்தையும் தோழியும் தாத்தாவும் எழுப்பியவை இந்தக் கேள்விகளே. யாரும் இலக்கியத் திறனாய்வு படித்தவர்கள் இல்லை. சிரிப்பு வராத இடத்தில் ஏன் வரவில்லை என்று யோசித்தார்கள், அவ்வளவுதான்.

'துப்பறியும் சாம்பு' எளிதாகவே கிடைக்கிறது. அல்லயன்ஸ் பதிப்பும் உண்டு, கிழக்கு பதிப்பகத்தின் பதிப்பும் உண்டு. விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது ஒரு படி எடுத்துச் செல்லுங்கள். நீங்களே படிப்பதைக் காட்டிலும் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுவது நல்லது. கதை முடிந்ததும் அவர்கள் வேறொரு கதை சொல்லத் தொடங்குவார்கள். பேனா கையில் இருக்கட்டும்.

'ஒரே கதைதான்' என்று நூலைத் திருப்பிக் கொடுத்த தங்கை இப்போது தானே ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறாள். தோட்டத்தில் ஒரு மாடு காணாமல் போகிறது. கண்டுபிடிக்கும் பொறுப்பைத் துரை ஒரு மண்டோரிடம் ஒப்படைக்கிறார். மண்டோர் தாத்தாவின் சாயலில் இருக்கிறாரா என்று கேட்டால் இல்லவே இல்லை என்கிறாள். நான்கு பக்கத்தோடு கதை நிற்கிறது. மாடு எங்கே என்பது அவளுக்குத் தெரியும். அதில் சிக்கல் இல்லை. மண்டோருக்கு ஒன்றும் தெரியாது என்பது மாட்டுக்காரருக்குத் தெரிய வேண்டுமா, கூடாதா என்பதில்தான் இரண்டு வாரமாக மாட்டிக்கொண்டிருக்கிறாள்.